லேக் டிராவிஸில் வேக் சர்ஃபிங்: படகுக்கு முன் நீர்மட்டம்

கேள்வி இதுதான்: "ஆஸ்டினுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. இந்தக் கோடையில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து லேக் டிராவிஸில் படகு எடுத்து வேக் சர்ஃபிங் செய்யலாம் என்று ஆசை. குழந்தைகள் ஐந்து பேர். பெரியவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. எனக்கு 43 வயது, இதுவரை எந்தப் பலகையிலும் ஏறியதில்லை. முடியுமா? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?"

முடியும். வேக் சர்ஃபிங் என்பது படகு எழுப்பும் அலையின் மேல் பலகையில் நின்று சறுக்குவது. 43 வயது இந்த விளையாட்டுக்கு ஒரு தடையே இல்லை. நான் முதன்முதலில் பலகையில் நின்றபோது எனக்கு 41. படகு இழுக்கும் மற்ற விளையாட்டுகளைவிட இதில் வேகம் மிகவும் குறைவு. வாட்டர் ஸ்கீயிங்கில் படகு மணிக்கு முப்பது மைல் வரைக்கும் போகும். வேக் சர்ஃபிங்கில் பத்திலிருந்து பன்னிரண்டு மைல்தான், நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம். விழுந்தால் பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி இருக்கும். அதனால் பலகையைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் யோசிக்க வேண்டியது மூன்று விஷயங்கள்: ஏரி, படகு, படகின் பின்பக்கம். ஏரியிலிருந்து தொடங்குகிறேன். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

லேக் டிராவிஸ் பெயரில்தான் ஏரி. உண்மையில் அது ஓர் அணையின் நீர்த்தேக்கம். டெக்சாஸ் மாநிலத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே கடலில் கலக்கும் கொலராடோ ஆறு ஒன்று உண்டு. கிராண்ட் கேன்யனைக் குடைந்த கொலராடோ வேறு, இது வேறு. இந்த ஆற்றின் குறுக்கே 1937-இல் தொடங்கி 1940-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த மேன்ஸ்ஃபீல்டு அணைதான் இந்த ஏரியை உண்டாக்கியது. அணை கட்டியதன் நோக்கம் உல்லாசப் படகு அல்ல. வெள்ளம் வந்தால் ஆஸ்டின் நகரத்தைக் காப்பதும், வறட்சிக்குத் தண்ணீர் சேர்த்து வைப்பதும்தான். நிர்வகிப்பது 1934-இல் உருவான எல்.சி.ஆர்.ஏ. என்ற ஆற்று ஆணையம்.

எனக்குச் சொந்த ஊர் மேட்டூர் பக்கம். அதனால் இந்த ஏரியின் குணம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மேட்டூரில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடியில் நந்தி தலை தூக்கும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். செய்தித்தாளில் தினமும் 'நீர்மட்டம் இத்தனை அடி' என்று பெட்டிச் செய்தி வரும். இங்கேயும் அதே கதைதான். டிராவிஸ் நிரம்பினால் கடல்மட்டத்திலிருந்து 681 அடி. அந்த அளவில் அதன் கொள்ளளவு மேட்டூரில் ஏறக்குறையப் பாதி. தண்ணீர் இறங்கும்போது ஏரி நடுவில் தீவுகள் முளைக்கும். அவற்றின் பெயரே 'சம்டைம்ஸ் ஐலண்ட்ஸ்', அதாவது சில சமயம் மட்டும் தெரியும் தீவுகள். 1951 ஆகஸ்டில் நீர்மட்டம் 614 அடிக்கு இறங்கியிருக்கிறது. 1991 கிறிஸ்துமஸ் அன்று வெள்ளத்தில் அந்த 681-ஐயும் தாண்டி 710 அடிக்கு ஏறியிருக்கிறது. கிட்டத்தட்ட 96 அடி வித்தியாசம், பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது உங்களுக்கு எதற்கு என்றால், போன வருடம் நண்பர் படகு ஓட்டிய இடத்தில் இந்த வருடம் நீருக்கு இரண்டடி கீழே பாறை இருக்கலாம். தீவு வெளியே தெரிந்தால் ஆபத்தில்லை, பார்த்து ஒதுங்கிப் போவோம். முளைக்கப் போகிற தீவுதான் ஆபத்து. நீர் மங்கலாக இருக்கும் நாளில் அது கண்ணுக்கே தெரியாது. 2013-இல் மட்டம் 619 அடிக்கும் கீழே போனபோது படகு இறக்கும் ராம்ப்கள் பல வறண்ட மண்ணில் போய் முடிந்தன. மெரினாக்கள், அதாவது படகு நிறுத்தும் துறைகள், தங்கள் மிதவைகளை ஆழமான பக்கமாக இழுத்துக்கொண்டு போயின. எனவே படகு பதிவு செய்வதற்கு முன், எல்.சி.ஆர்.ஏ.வின் ஹைட்ரோமெட் இணையப் பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தைப் பாருங்கள். அப்புறம் நீங்கள் போகும் ராம்ப் அல்லது மெரினா திறந்திருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். இரண்டும் ஐந்து நிமிட வேலை.

மட்டம் ஏறும்போது வேறு மாதிரி ஆபத்து. 2018 அக்டோபரில் மேற்கே கொட்டிய மழையில் டிராவிஸ் 704 அடிக்கு ஏறியது. முழு மரங்கள், உடைந்த படகுத்துறைகள், கேஸ் சிலிண்டர்கள் என்று எல்லாம் மிதந்து வந்தன. ஏரியில் படகு விடவே தடை போட்டார்கள். ஆஸ்டின் குடிப்பது இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். அந்த வெள்ளத்தின் சேற்றைச் சுத்திகரிப்பு நிலையங்களால் சமாளிக்க முடியாமல், நகரம் முழுவதும் ஒரு வாரம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில்கூட ஆறவைத்த தண்ணீர்ப் பாத்திரம் இருந்தது. நாம் அலைச்சறுக்கு விளையாடுவது ஒரு நகரத்தின் குடிநீர்த் தொட்டியில். அது எனக்கு உறைத்தது அப்போதுதான். பெருமழைக்குப் பிறகு ஓரிரு வாரம் ஏரிப் பக்கம் போகாதீர்கள். மிதக்கும் கட்டை ஒன்று போதும், படகின் அடியைப் பிளந்துவிடும்.

கரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை மெரினா கடற்கரையில் கால் நனைப்பது போல இங்கே இறங்க முடியாது. இது சுண்ணாம்புப் பாறையில் ஆறு குடைந்த பள்ளத்தாக்கு. முழங்கால் ஆழத்தில் நிற்கிறீர்கள், அடுத்த அடி வைத்தால் இருபது அடி ஆழம். நீச்சல் தெரியாதவர்கள் 'ஓரமாகத்தான் நிற்கிறேன்' என்று சொல்வதற்கு இந்த ஏரியில் அர்த்தமே இல்லை. படகிலும் சரி கரையிலும் சரி, லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும்.

சரி, படகுக்கு வருவோம். வாடகைக்குக் கிடைக்கும் எல்லாப் படகுக்குப் பின்னாலும் சர்ஃப் செய்ய முடியாது. செய்யவும் கூடாது. பின்விளிம்பில் வெளியே மோட்டார் தொங்கும் அவுட்போர்ட் படகில், படகைத் தள்ளும் விசிறியான ப்ரொப்பல்லர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். என்ஜின் உள்ளே இருந்தாலும் விசிறி வெளியே நீட்டும் ஸ்டெர்ன் டிரைவ் படகிலும் அப்படித்தான். வேக் சர்ஃபிங்கில் நீங்கள் படகுக்குப் பத்தடி பின்னால், கயிறுகூட இல்லாமல் வருகிறீர்கள். அலை உங்களை முன்னால் தள்ளும். ஒரு நொடி கவனம் சிதறினால் அந்த விசிறியின் மேல்தான் போய் விழுவீர்கள். அதனால் இதற்கென்றே செய்த இன்போர்ட் படகுதான் வேண்டும். அதில் ப்ரொப்பல்லர் படகின் வயிற்றுக்கு அடியில், பின்விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். மலிபு, மாஸ்டர்கிராஃப்ட், நாட்டிக் போன்றவை இந்த ரகம். விசிறி முன்பக்கம் பார்த்திருக்கும்படி வோல்வோ பென்டா செய்த ஃபார்வர்டு டிரைவ் ஒன்றும் உண்டு, அதுவும் சரி. பான்டூன் என்பது மிதவைகளின் மேல் தட்டையான தளம் வைத்த படகு. வாடகைக்காரர் 'எங்கள் பான்டூனிலேயே சர்ஃப் பண்ணலாம்' என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அலை எப்படி உண்டாகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள், எளிமையாகச் சொல்லிவிடலாம். படகின் உள்ளே தொட்டிகள் இருக்கும், பாலஸ்ட் என்பார்கள். ஏரித் தண்ணீரையே பம்ப் போட்டு அவற்றில் நிரப்புவார்கள். பெரிய சர்ஃப் படகில் 4,000 பவுண்டு வரை போகும், ஏறக்குறைய 1,800 லிட்டர். வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் கேன் தொண்ணூறு. அத்தனை எடை ஏறியதும் படகின் பின்பக்கம் அமிழ்ந்து தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்கித் தள்ளும். ஒதுங்கிய நீர் படகுக்குப் பின்னால் மறுபடியும் வந்து சேருமே, அந்த இடத்தில் எழுவதுதான் அலை. ஒரு பக்கத்தில் சின்னத் தகட்டை நீட்டினால் அந்தப் பக்கத்து நீர் கொஞ்சம் தாமதமாக வரும். மறுபக்கத்து அலை நீளமாக, வழவழப்பாக எழும். இடது காலை முன்னால் வைத்து நிற்பவருக்கு இடது பக்க அலை, வலது காலை வைப்பவருக்கு வலது பக்க அலை. உங்கள் முன்கால் எது என்று தெரிய வேண்டுமா? வழுக்குத் தரையில் ஓடிப் போய்ச் சறுக்கிப் பாருங்கள், தானாக முன்னால் போகிற கால்தான்.

இனி நிற்கும் வித்தை. இதைப் பொறுமையாகப் படியுங்கள், முதல் நாளிலேயே எழுந்துவிடலாம். தண்ணீரில் மல்லாந்து மிதக்கிறீர்கள். பலகை உங்களுக்கும் படகுக்கும் நடுவில் குறுக்காகக் கிடக்கிறது. இரண்டு குதிகாலையும் தோள் அகலத்துக்கு விரித்து அதன் விளிம்பில் வைத்திருக்கிறீர்கள். கை இரண்டும் நீட்டியபடி கயிற்றின் பிடியில். படகு மெல்ல நகர்ந்து கயிறு இறுகும்போது குதிகாலை அழுத்துங்கள். பலகையின் மறு விளிம்பு தண்ணீரிலிருந்து புரண்டு எழுந்து உங்கள் உள்ளங்காலில் வந்து ஒட்டிக்கொள்ளும். இந்த நொடியில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். பயத்தில் கயிற்றை நெஞ்சுக்கு இழுத்து எழுந்து நிற்கப் பார்ப்போம். உடனே தலைகுப்புற விழுவோம். கையை மடக்காதீர்கள், முழங்காலை நெஞ்சோடு ஒட்டி வைத்திருங்கள், கிணற்று வாளி மாதிரி சும்மா இருங்கள். தூக்குவது படகின் வேலை. இரண்டு விநாடியில் பலகை தண்ணீரின் மேல் வந்துவிடும். அப்போது முன்காலைப் படகின் பக்கம் திருப்பி, முட்டி மடக்கியபடி மெதுவாக நிமிருங்கள். பார்வை படகில் இருப்பவர்களின் முகத்தில் இருக்கட்டும், காலைக் குனிந்து பார்த்தால் போச்சு.

நின்ற பிறகு கயிற்றை மெல்ல இழுத்து அலையின் சரிவுக்குள் வாருங்கள். கொஞ்ச நேரத்தில் கயிறு தொய்ந்துபோகும். அதை உணரும் கணம் இருக்கிறதே, அதற்காகத்தான் பதினோரு வருடமாக நான் விடியற்காலையில் எழுந்து போகிறேன். எதுவும் உங்களை இழுக்கவில்லை. அலை உங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறது, என்ஜின் சத்தம்கூடத் தூரமாகப் போய்விடும். முன்காலில் எடை போட்டால் வேகம், பின்காலில் போட்டால் பிரேக். நிலைத்ததும் கயிற்றைப் படகுக்குள் எறிந்துவிடுங்கள். எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

ஓட்டுநருக்குச் சில விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் விழுந்ததும் படபடவென்று வளைத்துத் திருப்பினால் சொந்த அலையே எதிரே வந்து ஏரியைக் கலக்கிவிடும். த்ராட்டிலை, அதாவது வேகக் கைப்பிடியைக் குறைத்து, நேராக நின்று, மெதுவாகத் திரும்பி வர வேண்டும். விழுந்தவர் ஏணிக்குப் பக்கத்தில் வந்தால் என்ஜினை அணைத்துவிட வேண்டும், நியூட்ரல் போதாது. பாலஸ்ட் நிரம்பிய படகில் திடீரென்று வேகத்தைக் குறைப்பதும் தப்பு. எங்கள் நண்பர் படகில் ஒருமுறை ஏழு பேர் முன்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். த்ராட்டிலைச் சட்டென்று இழுத்ததும் படகின் சொந்த அலை ஒன்று முன்மூக்கின் மேல் ஏறி உள்ளே கொட்டியது. கணுக்கால் வரை தண்ணீர். சாப்பாட்டுப் பையும் குழந்தைகளின் செருப்பும் மிதந்தன. பம்ப் ஓடியதால் தப்பித்தோம். படகில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று எழுதியிருக்கும். ஆட்களை எண்ணும்போது பாலஸ்ட் எடையை மறந்துவிடக் கூடாது.

இப்போது படகின் பின்பக்கம். இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அக்கா மகள், 14 வயது, பின்பக்கத்து மேடையில் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். படகு மிக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது, காற்று பின்னாலிருந்து அடித்தது. கால் மணி நேரம் கழித்து "மாமா, தலை வலிக்குது, தூக்கம் தூக்கமா வருது" என்றாள். வெயில், அலைச்சல் என்று நினைத்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்தோம். எங்களோடு வந்திருந்த ஒரு நர்ஸ்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ஜினை அணைக்கச் சொன்னார், அவளை முன்பக்கம் தூக்கிக்கொண்டு போனார். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜன் வைத்து, சாயங்காலத்துக்குள் சரியானாள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. என்ஜின் புகை வெளியேறுவது படகின் பின்பக்கத்தில், தண்ணீரை ஒட்டி. படகு மெதுவாகப் போகும்போது அது பின்மேடையைச் சுற்றித் தேங்கி நிற்கும். பின்பக்கம் அமிழ்ந்து முன்மூக்கு தூக்கியிருந்தால் படகின் உள்ளேயும் உறிஞ்சப்பட்டு வரும். தலைவலி, குமட்டல், தூக்கம் எல்லாம் படகு ஆட்டத்தில் வரும் மயக்கம் மாதிரியேதான் இருக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். என்ஜின் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்காரக் கூடாது, பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது. குழந்தைகளுக்கு இதை ராம்ப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. டெக்சாஸில் 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தை லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். பெரியவர்களுக்குப் படகில் வைத்திருந்தால் போதும் என்று சட்டம் சொல்கிறது, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். படகு விபத்தில் மூழ்கி இறப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. கடையில் மெல்லியதாக, அழகாக இருக்கும் போட்டி ஜாக்கெட்டுகளில் பலவற்றுக்குக் காவல்படையின் அங்கீகாரம் இல்லை. உள்பக்கத்து முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 1993 செப்டம்பர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் 15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகை ஓட்டப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். ஒருவரை இழுக்கும்போது குறைந்தது 13 வயதான ஒருவர் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி இருக்க வேண்டும். கண்ணாடி போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டுநர் தவறி விழுந்தால் என்ஜினை அணைக்க அவர் உடம்போடு பூட்டும் கில் ஸ்விட்ச், 26 அடிக்குக் குறைந்த படகுகளில் 2021 ஏப்ரலிலிருந்து அமெரிக்கச் சட்டப்படி கட்டாயம். ஓட்டுநருக்குப் பீரும் வேண்டாம். காரில் உள்ள அதே 0.08 அளவுதான் இங்கும்.

எங்கே போய்ச் சர்ஃப் செய்வது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. உங்கள் அலை உங்களோடு நின்றுவிடாது, கரை வரைக்கும் போகும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஆந்தனி ஃபால்ஸ் ஆய்வகம் 2022-இல் அளந்து பார்த்தது. சாதாரணப் படகின் அலை 200 அடியில் எந்த அளவுக்கு அடங்குகிறதோ, அந்த அளவுக்கு அடங்க சர்ஃப் படகின் அலைக்கு 500 அடிக்கு மேல் தேவைப்பட்டது. வெர்மான்ட் மாநிலம் 2024-இல் அதையே விதியாக்கியது: கரையிலிருந்து 500 அடி, குறைந்தது 20 அடி ஆழம், சேர்ந்தாற்போல் 50 ஏக்கர் திறந்த நீர். இந்த விதி டெக்சாஸுக்கு இல்லை என்றாலும் நான் அதைத்தான் பின்பற்றுகிறேன். மிதக்கும் துறையில் ஒரு தாத்தா பேரனோடு தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். நம் அலை போய் அந்தத் துறையை இரண்டடி தூக்கிப் போடும். அவர் கோபப்பட்டால் நியாயம்தானே?

கீழே இருக்கும் லேக் ஆஸ்டினில் நீர்மட்டம் பெரும்பாலும் மாறாது, பார்க்கவும் வசதியாக இருக்கும். ஆனால் அது குறுகலான ஆறு. இருபுறமும் சுவர், அலை மோதித் திரும்பித் திரும்பி வரும். 500 அடி அங்கே எங்கே கிடைக்கப் போகிறது? நகரத்துக்குள் இருக்கும் லேடி பேர்ட் ஏரியில் பெட்ரோல் படகுக்கே அனுமதி கிடையாது. டிராவிஸ்தான் சரி. ஆனால் சனி, ஞாயிறு மதியம் வேண்டாம். அணைப் பக்கத்து அகன்ற பரப்பில் எல்லாப் படகுகளின் அலையும் மோதி வாஷிங் மெஷின் மாதிரி சுழலும். வேலை நாளில் ஒரு காலை, ஏழு மணிக்கு இறங்குங்கள். ஏரிக்கரையில் உள்ள பேஸ் பெண்ட் பூங்காவின் பக்கம் ஆற்றின் நடுவாகப் போனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

உங்கள் மூன்று குடும்பத்துக்கு என் யோசனை: எல்லோரும் ஒரே சர்ஃப் படகில் ஏறாதீர்கள். குழந்தைகளும் நீச்சல் தெரியாதவர்களும் சாப்பாட்டோடு ஒரு பான்டூனில் நிழலில் இருக்கட்டும். ஆட்டம் குறைவு, இடம் தாராளம். சர்ஃப் செய்ய ஆசைப்படும் நான்கைந்து பேர் மட்டும் ஓட்டுநரோடு வரும் இன்போர்ட் படகை இரண்டு மணி நேரம் எடுங்கள். முதல் நாளே நீங்கள் ஓட்ட வேண்டாம். சொந்தமாக வாங்குவது பற்றி இப்போது யோசிக்கவே தேவையில்லை. புதிய சர்ஃப் படகு ஒன்று ஒரு லட்சம் டாலரை எளிதில் தாண்டும். இரண்டு கோடை வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

காலுக்கு ரப்பர் செருப்பு போட்டு வாருங்கள். 2017 முதல் இந்த ஏரியில் வரிக்குதிரைச் சிப்பி பரவியிருக்கிறது. நகம் அளவுதான், ஆனால் பாறையெல்லாம் அப்பிக்கொண்டு பிளேடு மாதிரி வெட்டும். அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, ஒரு பாலஸ்ட் தொட்டியின் அடியில் மிச்சமிருக்கும் தண்ணீரிலேயே உயிரோடு அடுத்த ஏரிக்குப் போய்விடும். அங்கே போய் குடிநீர்க் குழாய்களை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஏரியை விட்டுக் கிளம்பும்போது படகில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடிப்பது டெக்சாஸில் சட்டம். வாடகைப் படகை டிரெய்லரில் நீங்களே இழுத்துப் போவதாக இருந்தால், ராம்ப்பின் மேலே வண்டியைச் சரிவில் நிறுத்தி, படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையை மூடும் பிளக்கைக் கழற்றுங்கள். பாலஸ்ட் பம்பை மறுபடியும் ஒருமுறை ஓட விடுங்கள், தொட்டி காலி என்று மீட்டர் காட்டிய பிறகும் அரை வாளி வரும். அது முழுக்க வடியும் வரை நில்லுங்கள். கழற்றிய பிளக்கை வண்டிச் சாவியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள், அடுத்த முறை படகை இறக்கும் முன் அதுதான் முதலில் கைக்கு வர வேண்டும்.